அலையில்லாத இடம்

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் விடுமுறை வீடுகளைப் பெருக்கித் துடைக்கிறவளுக்கு மணலைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. கம்பளத்தில் புதைந்த மணல், குளிக்கும் தொட்டியின் அடியில் தங்கிய மணல், தலையணை உறைக்குள் போன மணல், எப்படியோ சர்க்கரை டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்த மணல். நோலீன் பர்டெட் இத்தனையையும் பன்னிரண்டு கோடைகளாக அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் கடற்கரையில் பாதியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள், மீதியை எனக்கு வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அவள் வேலை பார்த்த கட்டடத்தின் மாடியில், ஆறாம் நம்பர் வீட்டு மணல் வேறு ரகம். அது எப்போதும் ஈரமாக இருக்கும். கடல் பக்கமே இன்னும் போகாதவர்களின் படுக்கையிலும் இருக்கும்.

நடுக்கோடையான அந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானமும் அப்படித்தான். ஹார்ட்னெட் குடும்பம் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. அப்பா, அம்மா, ஏழு வயதுப் பெண். கார் எஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை, கூரைமேல் கட்டிய பெட்டிகள் பாதிதான் அவிழ்ந்திருந்தன. இன்னொரு தலையணை வேண்டும் என்றார்கள் என்று நோலீன் மாடியேறிப் போனாள். கண்ணாடி அடைத்த முன்தாழ்வாரத்தில் குழந்தைக்கான மடக்குக் கட்டில் இருந்தது. அதன்மேல் காலையில் அவளே விரித்துச் சுருக்கம் நீவிவிட்ட போர்வை. போர்வையின் நடுவில், ஒரு குழந்தை முழங்காலை மடக்கிப் படுத்து எழுந்தது போலப் பள்ளம். பள்ளத்தில் ஒரு கையளவு ஈர மணல்.

வேறு யாராவது என்றால் அலறிக்கொண்டு கீழே ஓடியிருப்பார்கள். நோலீன் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் தாய் இன்னும் படியேறவில்லை. மணலை ஏப்ரனுக்குள் வழித்துப் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் பயம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது.

"வந்துட்டியா?" என்று போர்வையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

நோலீனும் ஒரு காலத்தில் இதே ஆறாம் நம்பரில் தங்க வந்தவள்தான். கடலை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி, குனமுல்லாவுக்கு அப்பால், செம்மண்ணும் ஆடும் ஈயும் மட்டுமே செழிக்கிற பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். கணவன் லெஸ் பண்ணைகளுக்கு வேலி போடுகிறவன். ஒரே மகள் ட்ரூடி. பிள்ளைக்கு ஏழு வயதாகிறது, இன்னும் கடலைக் கண்ணால் பார்க்கவில்லையே என்று அந்த வருஷம் மூன்று பேருமாகக் கிளம்பி வந்தார்கள். கடலைப் பார்க்காதது பிள்ளை மட்டுமல்ல. நோலீனுக்கும் அதுதான் முதல் தடவை.

அவர்கள் ஊரில் தண்ணீர் என்றால் ஆற்று மடுவும், ஆடுகளுக்கு வெட்டிய குளமும்தான். அங்கே குழந்தைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. ஓடுகிற தண்ணீரில் கால் வைக்காதே, அசையாத தண்ணீரில் குளி. வெள்ளத்தில் லாரியே போன ஊரில் அதைவிட நல்ல பாடம் இல்லை. அந்தப் பாடத்தையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் நோலீன் கடற்கரைக்கு வந்தாள்.

இரண்டாம் நாள் காலை அலைகளைப் பார்த்ததும் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆள் உயரத்துக்கு எழுந்து நுரை கக்கிக்கொண்டு விழுந்தன. சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகளை நட்டு, அவற்றுக்கு நடுவில், அலை அடிக்கிற இடமாகப் பார்த்து ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ போட்டிக்கு நட்ட கொடிகள், விவஸ்தை கெட்ட ஜனங்கள் என்று நினைத்தாள். கொஞ்சம் தள்ளி, இரண்டு பக்கமும் அலை இருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையாக, நுரையே இல்லாமல் வழவழவென்று கிடந்தது. ஊரில் ஆற்று மடு இருப்பது போலவே இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துண்டை அங்கே விரித்தாள்.

"அங்க போய் விளையாடு கண்ணு. அலையில்லாத இடம்தான் நல்ல இடம்."

கரையில் அடிக்கிற அலைத் தண்ணீரெல்லாம் ஏதாவது ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்பிப் போக வேண்டுமே, அந்த வழிதான் அது. அடியில் இழுத்துக்கொண்டு போவதால்தான் மேலே அலை எழும்பாது. அதை விட்டு விலகிய பத்திரமான இடத்தைக் காட்டத்தான் காவலர்கள் கொடி நடுகிறார்கள். இந்த ஊரில் நடை பழகுகிற குழந்தைக்குக்கூட இது தெரியும். நோலீனுக்குத் தெரியவில்லை. ட்ரூடி மஞ்சள் நீச்சலுடையில் தத்தித் தத்தி இறங்கினாள். நோலீன் குனிந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். நிமிர்ந்தபோது தண்ணீர் அதே மாதிரி வழவழவென்று கிடந்தது. அதில் யாருமே இறங்காத மாதிரி கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

படகு போட்டுத் தேடினார்கள். கடல் அவளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. லெஸ் ஊருக்குப் போய்விட்டான். நோலீனால் போக முடியவில்லை. அவன் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தான், மூன்றாவது தடவை வரவில்லை. அவள் அதே கட்டடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து, கீழே துணி துவைக்கும் அறைக்குப் பின்னாலிருந்த அறையில் தங்கிவிட்டாள். உரிமையாளர்கள் மாறினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவள் எங்கிருந்தோ வந்த ஒரு விதவை, கை சுத்தமான வேலைக்காரி, அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவன் கடற்கரைக் காவலன் வாரிக் ஒருவன்தான். தேடிய படகில் அவனும் இருந்தான்.

அடுத்த கோடையில்தான் முதல் காலடியைப் பார்த்தாள். அப்போது ஆறாம் நம்பரில் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் தங்கியிருந்தது. பட்டப்பகல், துப்பினால் எச்சில் தரையில் விழுவதற்குள் காய்ந்துவிடுகிற வெயில். வெளிப்படிக்கட்டின் சிமெண்டில் சின்னச் சின்ன ஈரக் காலடிகள். எல்லாமே ஏறிப்போன காலடிகள், இறங்கியது ஒன்றுகூட இல்லை. கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளம். ட்ரூடிக்கு அப்படித்தான், அம்மாவின் காலை அச்சில் வார்த்த மாதிரி. நோலீன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலடிகள் அவள் கண்ணெதிரே காய்ந்தன. அழக்கூடத் தோன்றவில்லை. தலையை வருடுகிற மாதிரி சிமெண்டை வருடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்று பிடிபட்டது. ஆறாம் நம்பரில் வயதானவர்கள் தங்கினாலும், புதுமணத் தம்பதிகள் தங்கினாலும் தரை எலும்பு மாதிரி உலர்ந்து கிடக்கும். குழந்தைகள் தங்கினால் மட்டும்தான் ஈரம் வரும். யாருக்கு எந்த வீடு என்று பிரித்துக் கொடுக்கிற பொறுப்பு அவள் கையில் இருந்தது. அன்று முதல் குழந்தையோடு வருகிறவர்களை, அதிலும் கடலை அறியாத தூரத்து ஊர்க்காரர்களை, ஆறாம் நம்பருக்கு அனுப்ப ஆரம்பித்தாள். ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் என்றால் ட்ரூடிக்குப் பழகச் சௌகரியமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று கோடைக்கு முன்னால் ஒரு நாள், ரோமா என்கிற உள்ளடங்கிய ஊரிலிருந்து வந்த குடும்பத்துப் பையனை அந்த வழவழப்பான தண்ணீரிலிருந்து வாரிக் இழுத்துப் போட்டான். உதடு நீலம் பாரித்து, குடம் குடமாகத் தண்ணீர் கக்கினான் பையன். பிழைத்துக்கொண்டான். அந்தப் பொண்ணுதான் இது நல்ல இடம்னு சொன்னா என்று முனகினான். பிதற்றுகிறான் என்றார்கள். துண்டோடு பக்கத்தில் நின்ற நோலீனுக்கு அந்தப் பொண்ணு யாரென்று தெரிந்தது.

அன்றைக்கே ஆறாம் நம்பரைப் பூட்டியிருக்க வேண்டும். பூட்டவில்லை. தாய்மனம் என்று இதற்குப் பெயர் வைத்துத் தப்பித்துக்கொள்ள முடியாது, தப்பு தப்புதான். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கடற்கரை முழுதும் தெரியும், இனிமேல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன் என்று முடிவு செய்தாள். பார்க்கவும் பார்த்தாள். போர்வைகளைக் கயிற்றில் போடும்போது முகம் எப்போதும் கடல் பக்கம்தான் இருக்கும். ட்ரூடி கூட்டாளி இல்லாமல் ஏங்கிப்போய்க் குழந்தைகளைக் கூப்பிடுகிறாள் என்று நம்பினாள். சில ராத்திரிகளில், அம்மா மேல் கோபம் என்றும் தோன்றும். அந்த எண்ணம் வந்தால் அன்றைக்குச் சோறு தண்ணீர் இறங்காது.

இப்போது அதற்கும் முடிவு வந்திருந்தது. அந்த மாதம் முடிந்ததும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். சுற்றிலும் எழும்பிவிட்ட கோபுரங்களைப் போல இங்கேயும் ஒன்று வரப்போகிறது. ஹார்ட்னெட்டுகள்தான் ஆறாம் நம்பரில் தங்கப்போகிற கடைசிக் குடும்பம். மகள் வருகிற கடைசி வாரம் இது என்று நோலீனுக்குத் தெரிந்திருந்தது.

கிளெம் ஹார்ட்னெட் பண்ணைகளில் காற்றாலைப் பம்புகளை ரிப்பேர் செய்கிற ஆள். வெயிலில் வெந்த கழுத்தும், அதிகம் பேசாத வாயும். பேச்சையெல்லாம் அவன் மனைவி ஷோனா குத்தகைக்கு எடுத்திருந்தாள். நோலீனுக்கு ஊர் குனமுல்லாப் பக்கம் என்றதும் அவளைத் தேநீருக்கு உட்கார வைத்துவிட்டாள்.

"இவரு கடலைப் பாத்ததெல்லாம் காலண்டர்லதான்" என்று புருஷனைக் காட்டினாள். "நேத்து வழியில ஒரு ஏரியைப் பாத்துட்டு, வந்தாச்சு இறங்குங்கன்னாரு."

"பெருசா இருந்துச்சு" என்றான் கிளெம்.

மகள் கிம் தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்து யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஒற்றைப் பிள்ளை, தனக்குத்தானே பேசும் என்றாள் ஷோனா. மறுநாள் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறோம், எங்கே என்ன இருக்கிறதென்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது, நீங்களும் கூட வாருங்கள் என்று கூப்பிட்டாள். விடுப்பே எடுக்காதவள் நோலீன். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"ட்ரூடியும் வர்றாளாம்" என்றாள் கிம்.

இத்தனை வருஷத்தில் எந்தக் குழந்தையும் பெயரைச் சொன்னதில்லை. அந்தப் பொண்ணு என்றுதான் சொல்வார்கள். நோலீன் கையிலிருந்த கோப்பையைச் சாசரில் வைத்தாள். வருகிறேன் என்றாள்.

காரில் பின் சீட்டு நீளமானது. கிம் ஒரு ஜன்னலோரம், நோலீன் மறு ஜன்னலோரம், நடுவில் காலியிடம். கொஞ்ச தூரம் போனதும், கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அவளுக்கு இடிக்குது என்றாள் கிம். நோலீன் கதவோடு ஒட்டிக்கொண்டாள். பிறகு யாரும் பார்க்காதபோது இடது கையை அந்தக் காலியிடத்தில் மல்லாத்தி வைத்தாள். ஜன்னல் வழியே அனல் காற்று அடித்தது. உள்ளங்கை மட்டும் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே போனது. இறங்கும்போது பாவாடையின் அந்தப் பக்கம் நனைந்திருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

தெற்கே காட்டுக் கிளிகளுக்குத் தீனி கொடுக்கிற இடத்துக்குத்தான் முதலில் போனார்கள். தேன் தண்ணீரில் ஊறிய ரொட்டியைத் தகரத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். தட்டை நீட்டியதும் பச்சையும் நீலமும் சிவப்புமாகக் கிளிகள் கூட்டமாக வந்து தலையிலும் தோளிலும் இறங்கிக் காது கிழியக் கத்தும். ஷோனா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். கிளெம்மின் தொப்பிமேல் ஒன்று எச்சமிட்டது. கிம் இரண்டு தட்டுகள் வாங்கி, ஒன்றைத் தனக்கும் இன்னொன்றைப் பக்கத்துக்குமாக நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் மட்டும் வட்டம் போட்ட மாதிரி ஓர் இடம் வெறுமையாக இருந்தது. ஒரு கிளிகூட அங்கே இறங்கவில்லை. இறங்க வந்தவை சிறகைச் சாய்த்துக்கொண்டு விலகிப் பறந்தன.

கிளெம் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஓரமா நிக்காத கிம், நடுவுல வா என்றான்.

"நாங்க நடுவுலதான் நிக்கிறோம்" என்றாள் கிம்.

கிளெம் கேமராவை இறக்கினான். மகளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு படம் எடுத்தான். நோலீன் அந்த வெறும் வட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எப்படியாவது ஒரு விரல், ஒரு மஞ்சள் துணி நுனி தெரிந்துவிடாதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். வெயில்தான் தெரிந்தது.

டால்பின்கள் வளையம் தாண்டியதைப் பார்த்தார்கள். காகிதத்தில் சுற்றிய மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் தின்றார்கள். பொன்னிற நீச்சலுடையில் தெருவில் நின்று கார் நிறுத்தும் மீட்டர்களுக்குக் காசு போட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, கிளெம்மின் கழுத்து இன்னும் சிவந்துவிட்டது என்று ஷோனா ஓட்டினாள். சாயங்காலம் ஓர் உயரமான கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறிப் போனார்கள். நோலீன் பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் இருந்தும் அங்கே ஏறியதில்லை. கடலை அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்ததுமில்லை.

அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு நேர் எதிரே, வெள்ளை வெள்ளையாக விழுகிற அலைகளின் நடுவில், கரையிலிருந்து ஆழ்கடல் வரைக்கும் ஒரு கறுப்புப் பாதை தெரிந்தது. யாரோ கத்தியால் கீறிவிட்ட மாதிரி நேராகப் போனது. நோலீன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அதுதான் ட்ரூடியோட இடம்" என்று கிம் கண்ணாடியில் விரலை வைத்தாள். "நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போறேன்னா. அவங்க அம்மாவே சொல்லியிருக்காங்களாம். அலையில்லாத இடம்தான் நல்ல இடம்னு."

நோலீனுக்கு அப்போதுதான் புரிந்தது. ட்ரூடிக்கு ஏக்கமும் இல்லை, அம்மா மேல் கோபமும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அம்மா நல்ல இடம் என்று காட்டிய இடத்தை, பார்க்கிற குழந்தைகளுக்கெல்லாம் அக்கறையாகக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக அந்தக் குழந்தைகளை இழுத்தது கடலும் இல்லை, ட்ரூடியும் இல்லை. தன்னுடைய வாயிலிருந்து வந்த அந்த ஒரு பேச்சு.

திரும்பி வரும்போது ஷோனாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும், அமைதியாகக் கிடக்கிற தண்ணீர் ஆளைக் கொல்லும், பிள்ளையின் கையை விடாதீர்கள். ராத்திரிக்கே வேறு வீட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். பெட்டியெல்லாம் பிரித்தாகிவிட்டதே, காலையில் பார்ப்போம் என்றாள் ஷோனா.

நோலீனுக்குத் தூக்கம் வரவில்லை. கிம்மை ஒரு வாரம் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தால் போதும். அந்த ஒரு வாரமும் ட்ரூடி படியேறி வருவாள், கட்டிலில் படுத்து எழுவாள், ஒருவேளை மறுபடியும் உள்ளங்கை குளிரும். அன்றைக்குச் சொன்னதைத் தப்பென்று சொல்லிவிட்டால் அவளுக்கு இங்கே வர வேலை எதுவும் இல்லை. சொல்லாவிட்டால், கட்டடம் போனாலும் அந்தத் தண்ணீர் போகாது, நாளைக்கு வேறு ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் காட்டுவாள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு விடியும்வரை புரண்டாள். விடிந்தபோதும் முடிவெடுத்திருக்கவில்லை.

காலையில் ஹார்ட்னெட்டுகள் சொன்னபடியே கொடிகளுக்கு நடுவில்தான் துண்டு விரித்தார்கள். நோலீன் மொட்டை மாடியில் ஈரப் போர்வைகளோடு நின்று பார்த்தாள். ஷோனா ஐஸ் வாங்கக் கடைக்குப் போனாள். கிளெம் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு மல்லாந்தான். நோலீன் ஒரு போர்வையை உதறிக் கயிற்றில் போட்டாள். போர்வை காற்றில் உப்பி அவள் பார்வையை மறைத்தது. அதை விலக்கியபோது துண்டில் கிம் இல்லை.

ஈர மணலோடு கிம் போய்க்கொண்டிருந்தாள். கொடிகளை விட்டு விலகி, கறுப்புத் தண்ணீர்ப் பக்கமாகப் போனாள். ஒரு கை உடம்பை விட்டுச் சற்றுத் தள்ளி, எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

படி இறங்கியது நோலீனுக்கு நினைவில்லை. சாலையில் ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. செருப்பு எங்கேயோ கழன்று போனது. தண்ணீரோரம் வந்தபோது கிம்மின் முழங்காலுக்குமேல் தண்ணீர் ஏறியிருந்தது. சுற்றிலும் நுரையே இல்லை, சத்தமும் இல்லை, எண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது. மணலில் இரண்டு ஜோடிக் காலடிகள் அக்கம்பக்கமாக இறங்கிப் போயிருந்தன. ஒன்றில் இரண்டாவது விரல் நீளம்.

இறங்கினாள். காலடி மணலைத் தண்ணீர் உருவிக்கொண்டு போனது. எட்டிக் கிம்மின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி கிடைத்துவிட்டது. அப்படியே தூக்கிக்கொண்டு கரையேறலாம். இன்னும் ஐந்தாறு நாள் பாக்கி இருந்தது. அந்த ஐந்தாறு நாளுக்காக, ட்ரூடியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. கிம்மின் மறு கை நீண்டிருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். தண்ணீரில் அந்த இடத்தில் மட்டும் ஒரு சின்னச் சுழி, முழங்கால் கனத்துக்கு ஏதோ நிற்கிற மாதிரி, வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

"ட்ரூடி" என்றாள். பன்னிரண்டு வருஷமாக உரக்கச் சொல்லாத பெயர். "அம்மா அன்னைக்குச் சொன்னது தப்பு கண்ணு. இது நல்ல இடம் இல்ல. அலை அடிக்குதே, அதுதான் நல்ல இடம். எனக்குத் தெரியாமப் போச்சு."

கிம் தலையைச் சாய்த்துப் பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்டாள்.

"உங்களுக்குக் கோவமான்னு கேக்குறா" என்றாள். "கூப்பிட்டப்ப திரும்பி வரலன்னு. வரப் பாத்தாளாம். தண்ணி விடலையாம்."

நோலீனின் முகம் கோணிக்கொண்டது. இடுப்பு வரை தண்ணீர் இழுத்தது. கிம்மைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கோவமே இல்லடா. ஒரு நாளும் இல்ல."

"அப்ப எங்க போகணும்னு கேக்குறா."

"அந்தக் கொடி தெரியுதா? சிவப்பும் மஞ்சளுமா. அதுக்கு நடுவுல போய்க் கரையேறிடு." நோலீன் மூச்சு வாங்கிக்கொண்டாள். மீதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "மறுபடி அந்த வீட்டுக்கு வர வேணாம். யாருக்கும் இடம் காட்டவும் வேணாம். எனக்காகவும் காத்திருக்காத."

கிம்மின் நீண்ட கை சட்டென்று தொய்ந்து விழுந்தது. சுழி கலைந்து தண்ணீர் சமமானது.

நோலீன் தள்ளாடிக் கரையேறித் திரும்பினாள். பளபளத்த ஈர மணலில், அவளுக்கு நாலடி முன்னால், ஒரு காலடி விழுந்தது. பிறகு இன்னொன்று. யாருமில்லை. வெட்ட வெயிலில் காலடிகள் மட்டும் ஒவ்வொன்றாக மணலில் பதிந்து, கொடிகளைப் பார்த்துப் போயின. கொஞ்ச தூரம் நடையாக இருந்தது, பிறகு இடைவெளி அகன்று ஓட்டமானது. விரலூன்றிய குழியில் தண்ணீர் ஊறியது. தூங்குகிற கிளெம்மைத் தாண்டி, குளிக்கிற ஜனங்களுக்கு நடுவில் புகுந்தது. மடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தை மட்டும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. இரண்டு கொடிகளுக்கு நடுவில் காலடிகள் கரைப்பக்கம் திரும்பி, உலர்ந்த மணலில் ஏறி, அங்கே தடம் தெரியாமல் போய்விட்டன.

வாரிக் ஓடி வந்தான். துணியோடு நனைந்து, அடுத்தவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தான். மணலையும் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"நோல், அது யாரோட கால்?"

"கரையேறிட்டா" என்றாள் நோலீன். வாரிக் கிம்மை வாங்கிக்கொண்டு போய்க் கிளெம்மை எழுப்பினான். கிளெம் மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அதிகம் பேசாத ஆள் அப்படி அழுததைப் பார்த்து, ஐஸோடு திரும்பி வந்த ஷோனா பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

மிச்ச நாளெல்லாம் கிம் கொடிகளுக்கு நடுவில், டூவூம்பாவிலிருந்து வந்த ஒரு சிறுமியோடு மணல் வீடு கட்டினாள். ட்ரூடி எங்கே என்று நோலீன் ஒரே ஒரு தடவை கேட்டாள். யார் அது என்றாள் கிம்.

சனிக்கிழமை அவர்கள் கிளம்பினார்கள். ஷோனா நோலீனை வெகுநேரம் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கார் திருப்பத்தில் மறைந்ததும் நோலீன் வாளியும் துடைப்பமுமாக ஆறாம் நம்பருக்குப் போனாள். மடக்குக் கட்டிலின் போர்வையில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பெருக்கினாள். முறத்தில் சேர்ந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் சேர்கிற மாதிரி உலர்ந்த மணல். இனி யாரும் தங்கப்போவதில்லை, இருந்தாலும் தரையை இரண்டு தடவை துடைத்தாள். கதவைப் பூட்டினாள்.

வாளித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, மறந்துவிட்ட துடைப்பத்தை எடுக்கத் திரும்பி வந்தபோது படிக்கட்டில் பார்த்தாள். சிமெண்டில் ஈரக் காலடிகள். கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளம்.

குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். பெரிய காலடிகள், எல்லாம் இறங்கி வந்தவை. தரை துடைத்த ஈரத்தோடு இப்போதுதான் அவளே வெறுங்காலில் இறங்கியபோது பதிந்தவை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நோலீன் படியில் உட்கார்ந்து, அவை காய்ந்து முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.